விளையாட்டுக்குள் அகப்பட்டோர்

பதுளையிலிருந்து பசறை வழியாக லுணுகலைக்குப் பஸ்வண்டியிற் சென்றவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். வண்டி வளைவுகள் சிலவற்றைக் கடந்ததும் பின்னிருக்கையில் அமர்ந்துள்ள பிள்ளையின் முகம் வெளிறுகின்றது. தாய் அவசரமாக எலுமிச்சம்பழத்தைத் தேடுகின்றாள். முன்னிருக்கைக்காரர் தம் சட்டையைப் பற்றிக் கவலைகொள்ளத் தொடங்குகின்றார். சாரதிக்கு மட்டும் எவ்விதத் தொல்லையும் இல்லை. இதன் காரணம் வயிற்றிலன்று, காதிலேயே உள்ளது. உட்செவியில் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. அவற்றினுள் உள்ள நீர்மம், உடல் திரும்புந்தோறும் அசைந்து, ‘நீ திரும்புகின்றாய்’ என்று மூளைக்கு அறிவிக்கின்றது. கண்ணோ முன்னிருக்கையின் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பதால், ‘நீ அசையவே இல்லை’ என்கின்றது. ஒரே வழக்கில் இரு சாட்சிகள் முரண்படச் சொன்னால் நீதவானுக்குத் தலைவலி உண்டாகும். மூளைக்கோ வாந்தி உண்டாகின்றது. சாரதி வீதியைப் பார்த்திருக்கின்றார். வளைவு வருமுன்னரே அதனை அறிகின்றார். அவரிடத்தில் இரு சாட்சிகளும் ஒத்துப் பேசுகின்றன.

இந்தப் பஸ்வண்டியைத் தலைகீழாகப் புரட்டினால் கிடைப்பதே ‘மெய்நிகர் உலகம்’ என்று இன்று பேசப்படும் புதுமை. அங்கே உடல் நாற்காலியில் அசையாது இருக்கும். கண் மட்டும் பறக்கும், ஓடும், பள்ளத்தில் விழும். தலையில் மாட்டிக்கொள்ளும் ஒரு கவசத்தினுள் இரு கண்களுக்கும் இரு சிறு திரைகள் அமைந்திருக்கின்றன. ஒரே காட்சியைச் சற்றே வேறுபட்ட இரு கோணங்களில் அவை காட்ட, மூளை அவ்விரண்டையும் இணைத்து ஆழம் உள்ளதாகக் கொள்கின்றது. இந்த உண்மையை ஆங்கில அறிஞர் சார்ல்ஸ் வீற்ஸ்டன் 1838ஆம் ஆண்டிலேயே கண்ணாடிகள் பொருத்திய ஒரு கருவியால் மெய்ப்பித்துவிட்டார். அப்பொழுது ஊவா மலைகளிலே தேயிலை இல்லை, கோப்பியும் பெருகவில்லை. ஆகவே இப்புதுமையின் வேர், தோட்டங்களின் வேரைக் காட்டிலும் பழையது எனலாம்.

அமெரிக்கரான மோட்டன் ஹைலிக் என்பார் 1962இல் உரிமைப் பத்திரம் பெற்ற யந்திரம் ஒன்றில், மோட்டார் சைக்கிளில் நகரத்தைச் சுற்றும் படம் காட்டப்பட்டது. இருக்கை அதிர்ந்தது, முகத்திற் காற்று வீசியது, மணங்களும் வந்தன. ஆயின் அங்கே பார்ப்பவர் வெறும் பிரயாணியே. வண்டியைத் திருப்பும் உரிமை அவருக்கில்லை. 1968இல் ஐவன் சதர்லண்ட் அமைத்த கருவியே அந்த உரிமையை வழங்கிற்று. தலை திரும்பினால் காட்சியும் திரும்பும்படி அவர் செய்தார். கருவியின் பாரம் தலையால் தாங்கொணாதது. அதனால் கூரையிலிருந்து தொங்கவிடப்பட்டது. தலைக்குமேல் மயிரிழையில் தொங்கும் வாளைப் பற்றிய பழைய கிரேக்கக் கதையை நினைந்து, ‘தமொக்கிளிசின் வாள்’ என்ற பெயர் அதற்கு வழங்கலாயிற்று. அதில் தெரிந்தவை வெறுங்கோடுகளாலான அறைகளும் கட்டங்களுமே. அன்று தொடங்கி இன்றுவரை இத்துறையினர் போராடுவது பெரும்பாலும் காலத்தோடு. சாதாரணத் திரைப்படத்துக்கு ஒரு செக்கனுக்கு 24 படங்கள் போதும். தலைக்கவசத்துக்கு 90 படங்கள் வரை வேண்டியுள்ளன. தலை திரும்புவதற்கும் காட்சி திரும்புவதற்குமிடையே ஒரு செக்கனின் ஐம்பதிலொரு பங்கு தாமதித்தாலும் சாட்சிகளின் முரண்பாடு தொடங்கிவிடும். பசறை பஸ்வண்டியின் நிலைமை வந்துசேரும்.

உண்மையை ஆக்குமுன் அதன் மாதிரியை ஆக்கிப் பார்ப்பது மனிதனுக்குப் புதிதன்று. தெமோதரையிற் புகைவண்டிப் பாதை தன்னைத்தானே சுற்றிவந்து, நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கமாய்ப் புகுந்து செல்கின்றது. மலையின் செங்குத்தைக் கண்டு பொறியியலாளர் திகைத்து நிற்கையில், கங்காணி ஒருவர் தமது தலைப்பாகையை அவிழ்த்து மீண்டும் சுற்றியதைப் பார்த்தே இந்த யோசனை பிறந்தது என்று ஊவாவிற் சொல்வர். கதை மெய்யோ, பின்னாளில் யாரேனும் அழகுக்காகச் சேர்த்ததோ, அதிலுள்ள கருத்து செவ்வையானது: துணியில் மலை தெரிந்தது, மலையிற் பின்னர் இருப்புப்பாதை வந்தது. புகைவண்டி 1924இல் பதுளையை அடைந்தது. கணிப்பொறியின் மாதிரி உலகமும் இத்தகைய தலைப்பாகையே. ஒரு வேற்றுமை மட்டும் உண்டு. கங்காணியின் தலைப்பாகைக்குள் எவரும் குடியிருக்கவில்லை.

குடியிருந்தால் என்னவாகும் என்பதே ‘சைபர்பங்க்’ எனப்படும் கதைவகையின் வினா. இச்சொல் 1983இல் புரூஸ் பெத்கி என்னும் அமெரிக்கரின் சிறுகதைத் தலைப்பாக அச்சேறிற்று. மறு ஆண்டில் வில்லியம் கிப்சன் எழுதிய ‘நியூரோமான்சர்’ என்னும் நாவல் அவ்வகைக்கு இலக்கணம்போல் ஆயிற்று. பழைய விஞ்ஞானக் கதைகளில் வருங்காலம் பளபளப்பாய் இருக்கும், விண்கலங்கள் பறக்கும், மனிதர் வெள்ளுடை தரித்து அறிவோடு உரையாடுவர். இவ்வகைக் கதைகளிலோ யந்திரம் மிக உயர்ந்திருக்கும், வாழ்க்கை மிகத் தாழ்ந்திருக்கும். அரசாங்கம் மெலிந்துபோயிருக்கும். கம்பெனிகளே வீடு, உணவு, வைத்தியம், காவல் யாவற்றையும் கையில் வைத்திருக்கும். கதாநாயகன் மழையில் நனைந்து, கடன்பட்டு, கம்பெனியின் மின்வலைக்குள் களவாய் நுழைவான். இதனோடு விளையாட்டு சேரும்போது கதை கூர்மை பெறுகின்றது: தலைக்கவசத்தை அணிந்து விளையாடச் சென்றவன், அதைக் கழற்றிய பின்னும் தான் வெளியே வந்துவிட்டானா என்பதை அறியான்.

இந்த எண்ணத்தை மிக முன்னரே கதையாக்கியோருள் ஒருவர் இலங்கையைத் தம் இல்லமாகக் கொண்டவர். ஆர்தர் சி. கிளார்க் இலங்கையிற் குடியேறிய 1956ஆம் ஆண்டிலேயே அவருடைய ‘நகரமும் நட்சத்திரங்களும்’ என்னும் நாவல் வெளிவந்தது. டயஸ்பார் என்னும் மூடுண்ட நகரத்தின் மாந்தர், பொழுதுபோக்குக்காக உடலை ஓரிடத்தில் விட்டு, கூட்டாகக் கற்பனைச் சாகசங்களினுள் புகுவர். நாவலின் தொடக்கத்திலேயே அல்வின் என்னும் இளைஞன் அத்தகைய சாகசம் ஒன்றைக் குலைத்துவிடுகின்றான். குகைக்குள் நடக்கும் விளையாட்டில், ‘மேலே ஏறி வெளியுலகைப் பார்ப்போமே’ என்று அவன் ஆசைப்படுகின்றான். விளையாட்டை அமைத்தவர்கள் அவ்வாசைக்கு இடம் வைக்கவில்லை. ஆகவே குகையும் மறைகின்றது, தோழரும் சினக்கின்றனர். தலைக்கவசம் என்ற பொருளே தோன்றாத காலத்தில், அக்கவசத்தின் அடிப்படைக் குறையை இவ்வளவு எளிதாக எடுத்துக்காட்டியது வியப்புக்குரியது. அமைத்தவன் நினையாத திசையில் அங்கே நடக்க முடியாது.

இனித் திரைப்படங்களுக்கு வருவோமாயின், இவ்வகைப் படங்களுக்குப் பெரும்பணம் வேண்டும் என்ற எண்ணம் பலரிடத்தில் உள்ளது. 1999இல் வெளிவந்த ‘மேட்ரிக்ஸ்’ அவ்வெண்ணத்தை வேரூன்றச் செய்தது. உண்மை வேறு. இக்கதைவகையைப்போல் ஏழைக்கு இரங்கும் கதைவகை சினிமாவில் மிகச் சிலவே. விண்வெளிப் போரைக் காட்ட விண்வெளி வேண்டும். அரச கதையைக் காட்ட அரண்மனை வேண்டும். பொய்யுலகத்தைக் காட்டவோ ஒரு சாதாரண அறை போதும். ‘இந்த அறை மெய்யன்று’ என்று ஒரு பாத்திரம் நம்பும்படி சொல்லிவிட்டால், பார்ப்பவர் அந்தச் சுவரையே சந்தேகக் கண்ணோடு பார்க்கத் தொடங்குவர். சுவர் மலிவாகத் தோன்றினால் அதுவும் நன்று. பொய்யுலகம் மலிவாய்த்தானே இருக்கும்!

பிரெஞ்சு இயக்குநர் கொடார் 1965இல் ‘அல்பாவீல்’ படத்துக்காக வருங்கால நகரம் ஒன்றையும் கட்டவில்லை. அன்றைய பாரிஸ் நகரத்தின் புதிய கட்டடங்களை இரவிற் படம்பிடித்தார்; கணிப்பொறி ஆளும் வேற்றுலகம் என்று பெயரிட்டார். மேற்கு ஜெர்மனியின் பாஸ்பிண்டர் 1973இல் தொலைக்காட்சிக்காக இரு பகுதிகளாய் எடுத்த ‘கம்பியில் ஓர் உலகம்’ 16 மில்லிமீற்றர் படச்சுருளில் எடுக்கப்பட்டது. டானியல் கலூய் என்னும் அமெரிக்கர் 1964இல் எழுதிய நாவலே அதன் மூலம். ஆராய்ச்சி நிலையம் ஒன்று கணிப்பொறிக்குள் ஒரு சிற்றூரை அமைத்து, ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட செயற்கை மாந்தரை அதில் வாழவிடுகின்றது. தாம் செயற்கை என்பது அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் எதை வாங்குவர், எதை விரும்புவர் என்று பார்த்து எதிர்காலச் சந்தையை அறிய ஓர் உருக்குக் கம்பெனி ஆசைப்படுகின்றது. பின்னர் கதாநாயகனுக்கு ஐயம் எழுகின்றது: தன்னையும் மேலிருந்து எவரேனும் இயக்குகின்றனரோ? பாஸ்பிண்டர் இதற்காகச் செய்த தந்திரங்களுள் முதன்மையானது, எங்கும் கண்ணாடிகளை நிறுத்தியதே. ஒருவர் பேசும்போது அவருடைய பிம்பமும் பேசும். எது மெய் என்பதைக் கண் தேடிக்கொண்டே இருக்கும். கண்ணாடியின் விலை என்ன? கனடாவில் 1997இல் எடுக்கப்பட்ட ‘கியூப்’ படமோ பதினான்கடிச் சதுர அறை ஒன்றைக் கட்டி, விளக்கின் நிறத்தை மாற்றி மாற்றி, ஆயிரக்கணக்கான அறைகள் கொண்ட சிறைபோற் காட்டிவிட்டது. தோட்டத்து லயத்தில் ஒரு குடும்பம் முழுவதும் வாழ்ந்த அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பதை இவ்விடத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

விளையாட்டையே பொருளாகக் கொண்ட படங்களுள் இரண்டு சிறப்பித்துச் சொல்லத்தக்கவை. கனடாவின் டேவிட் குரோனன்பேர்க் 1999இல் எடுத்த ‘எக்ஸிஸ்டென்ஸ்’ படத்தில் கணிப்பொறித் திரையே தென்படாது. விளையாட்டுக் கருவி சதையாலான ஓர் உயிர்போலத் துடிக்கும். முதுகெலும்பில் துளையிட்டு அதனைக் கொப்பூழ்க்கொடி போன்ற நாளத்தால் இணைப்பர். கதை நடப்பது நகரத்திலன்று. மரக்கொட்டகை, பெற்றோல் நிலையம், மீன் வெட்டும் தொழிற்சாலை இவையே களங்கள். உயிரச்சுறுத்தலால் மறைந்து வாழ்ந்த எழுத்தாளர் சல்மான் ருஷ்டியை 1995இல் குரோனன்பேர்க் பேட்டி கண்டார். தாம் படைத்த ஒன்றுக்காகவே வேட்டையாடப்படும் ஒரு படைப்பாளியின் கதை அதிலிருந்தே அவருக்குத் தோன்றிற்று. படத்தின் கடைசி வினா, ‘நாம் இன்னும் விளையாட்டுக்குள்ளா இருக்கின்றோம்?’ என்பது. அதற்கு விடை தரப்படவில்லை.

மற்றையது ஜப்பானியரான மமோரு ஓஷி போலந்து நாட்டில், போலந்து நடிகரைக் கொண்டு, அந்நாட்டு மொழியிலேயே எடுத்து 2001இல் வெளியிட்ட ‘அவலோன்’. போலந்து இராணுவத்தின் மெய்யான தாங்கிகளே அதில் வருகின்றன. சட்டத்தால் தடுக்கப்பட்ட போர்விளையாட்டில் வென்று பெறும் பணத்தைக்கொண்டே ஆஷ் என்னும் பெண் பிழைக்கின்றாள். விளையாட்டின் ஆழத்துக்குச் சென்று திரும்பாதவர்களின் உடல்கள் வைத்தியசாலையில் உணர்வற்றுக் கிடக்கின்றன. படம் முழுவதும் பழம் புகைப்படத்தின் மங்கல் நிறம். அவள் அன்றாடம் ஏறும் டிராம் வண்டியிலும் பிரயாணிகள் பொம்மைகள்போல் அசைவற்று நிற்பர். இறுதிக் கட்டத்தை அடைந்தபோது மட்டுமே உலகம் முழு வண்ணம் பெறுகின்றது. அப்படியாயின் மங்கிய உலகமா மெய், வண்ண உலகமா மெய்? நிறத்தை நீக்குவதும் சேர்ப்பதுமாகிய ஒரே உபாயத்தால் இவ்வினா எழுப்பப்பட்டது. அவலோனிற் போர்க்காட்சிகள் சற்று நீண்டு அலுப்பூட்டுகின்றன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆயின் ஆஷ் தன் நாய்க்கு உணவு சமைக்கும் காட்சி அவ்வளவு பீரங்கிகளையும் மறக்கச் செய்துவிடும்.

தமிழிலும் இத்துறையில் முயற்சிகள் உண்டு. 2017இல் சி. வி. குமார் இயக்கிய ‘மாயவன்’ ஒருவரின் நினைவுகளை மற்றொருவரின் உடலுக்கு மாற்றும் விஞ்ஞானக் கற்பனையைத் துப்பறியும் கதையாகச் சொன்னது. விளையாட்டை மையமாகக் கொண்டு வந்தது, அஷ்வின் சரவணன் இயக்கி 2019ஆம் ஆண்டு ஜூன் மாதம் தமிழிலும் தெலுங்கிலும் வெளியான ‘கேம் ஓவர்’. தாப்சி நடித்த சொப்னா என்னும் பெண் கணிப்பொறி விளையாட்டுகளை வடிவமைப்பவள். கொடுமை ஒன்றுக்கு ஆளானதால் இருளைக் கண்டால் நடுங்குபவள். கால்கள் முறிந்து சக்கர நாற்காலியில் இருக்கின்றாள். துணைக்கு இருப்பவள் வீட்டுப் பணிப்பெண் கலாம்மா. வினோதினி வைத்தியநாதன் அப்பாத்திரத்துக்குத் தந்த உயிர், கதாநாயகியின் நடிப்புக்குச் சற்றும் குறைந்ததன்று. சொப்னாவின் கையிற் குத்தப்பட்ட பச்சையின் மையில், கொலையுண்ட வேறொரு பெண்ணின் அஸ்தி தவறுதலாகக் கலந்துவிட்டது என்பது தெரியவருகின்றது. பின்னர் ஓர் இரவில் கொலைகாரர் வீட்டைச் சூழ்கின்றனர்.

இந்நிலையில் விளையாட்டின் விதி வாழ்க்கைக்குள் நுழைகின்றது. விளையாட்டில் ஆடுபவருக்கு மூன்று உயிர்கள் உண்டன்றோ? சொப்னா கொல்லப்படுகின்றாள், அந்த இரவு மீண்டும் தொடங்குகின்றது. முந்திய உயிரில் எந்தக் கதவு அவளைக் காட்டிக்கொடுத்தது என்பது அவள் நினைவில் இருக்கின்றது. இரண்டாம் உயிர் வேறு விதமாகச் செல்கின்றது. மூன்றாவதன் முடிவைச் சொல்வது படம் பார்க்கவிருப்போர்க்குச் செய்யும் துரோகமாகும். படத்தின் பிற்பகுதி பெரும்பாலும் ஒரு வீடு, ஓர் இரவு, இரு பெண்கள், முகமூடியிட்ட எதிரிகள் என்ற அளவிலேயே நடைபெறுகின்றது. அச்சிறிய அளவே அதன் பலம். ஒரே படியை, ஒரே தாழ்ப்பாளை மூன்று முறை பார்க்கும்போது பார்ப்பவரும் அவ்வீட்டை மனப்பாடம் செய்துவிடுகின்றார். அதனால் மூன்றாம் முறை தாழ்ப்பாள் அசைகையில் அவருடைய நெஞ்சும் அசைகின்றது. பச்சைக் குத்திய மையால் உயிர்கள் எவ்வாறு கிடைத்தன என்று கேட்டால் படத்தில் விடையில்லை. பேய்க்கதையும் விஞ்ஞானக் கதையும் ஒரே தொட்டிலிற் கிடத்தப்பட்டுள்ளன என்று குறை கூறுவோர் உண்டு. அக்குறை நியாயமானதே, எனினும் அச்சத்தைப் பலமுறை எதிர்கொண்டு பழகினால் அச்சம் குறையும் என்ற மனோதத்துவ உண்மை அதனுள் இருக்கின்றது. உயரத்தைக் கண்டு அஞ்சுவோர்க்கு மெய்நிகர் பாலங்களைக் காட்டிச் சிகிச்சை செய்யும் முறை அமெரிக்காவில் 1995ஆம் ஆண்டளவிலேயே சோதித்துப் பார்க்கப்பட்டது.

ஊவா மாகாணத்துத் தோட்டப்புறங்களிலிருந்து இப்படங்களைப் பார்க்கும் ஒருவர், கொழும்பிலோ சென்னையிலோ இருந்து பார்ப்பவர் காணாத ஒன்றைக் காண்பார். நகரத்து விமர்சகர், ‘கம்பெனியே உலகமாகிவிட்ட காலம்’ என்று இதனை வருங்காலப் பயங்கரமாக வருணிக்கின்றார். நமுனுகுலையிலோ மடுல்சீமையிலோ அஃது இறந்தகாலம். லயம் கம்பெனியுடையது, அரிசி கம்பெனி வழியாய் வந்தது, பிள்ளைக்காம்பராவும் மருந்தும் அவ்வாறே. விடியற்காலையில் பெரட்டுக்குத் தப்படித்து அழைத்தனர். செக்றோலிற் பெயர் விழுந்தால் அன்று நாளுண்டு, விழாவிட்டால் அந்நாளே இல்லை. கொழுந்தின் நிறையைத் தராசு சொல்லும். தராசைக் கணக்குப்பிள்ளை சொல்வார். விளையாட்டிலிருந்து வெளியேற முடியுமா என்பது சைபர்பங்க் படங்களின் பெருவினா. பழைய தோட்டத்து ஆளுக்கும் அதே வினா இருந்தது. அதன் பெயர் ‘துண்டு’. கங்காணியிடம் பட்ட கடன் தீர்ந்தால் இவரை விடுவிக்கலாம் என்று எழுதிய அக்கடதாசி இல்லாமல் வேறு தோட்டம் அவரை ஏற்காது. அம்முறை 1921இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தாலோ, ஆடிக்கொண்டிருந்தவர்களின் பெயர்களே ஏட்டிலிருந்து நீக்கப்பட்டன. பிறந்த மண்ணிலேயே நாடற்றவராய் இருப்பதைக் காட்டிலும் விசித்திரமான மெய்நிகர் நிலையை எந்தக் கதாசிரியரும் எழுதவில்லை.

இதனைத் திரைப்படம் ஒருமுறை பிடித்துக் காட்டியும் இருக்கின்றது. தேயிலைப் பிரசார சபையின் பணத்தில், பசில் ரைட் என்னும் ஆங்கிலேயர் 1934இல் எடுத்து முடித்த ‘சோங் ஒவ் சிலோன்’ என்னும் விவரணப்படத்தில் ‘வணிகத்தின் குரல்கள்’ என்றொரு பகுதி உண்டு. திரையில் மனிதர் தென்னையில் ஏறுகின்றனர், பெண்கள் கொழுந்து பறிக்கின்றனர். காதிலோ தந்தியின் ஒலியும், சந்தை விலைகளும், எங்கோ ஒரு காரியாலயத்திற் சொல்லப்படும் கடிதங்களும் கேட்கின்றன. உடல் ஓரிடத்திலும் அதனை இயக்கும் குரல் வேறோரிடத்திலும் இருப்பதை, ஒலியையும் காட்சியையும் வெறுமனே பிரித்துவைத்தே ரைட் உணர்த்திவிட்டார். விளம்பரத்துக்கென்று பணம் கொடுத்த சபையினர் இதை எவ்வாறு எடுத்துக்கொண்டனரோ! சைபர்பங்க் என்ற சொல் பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முன்னர் வந்த இப்பகுதியை அவ்வகையின் மூதாதையாகக் கொள்வதிற் பிழையில்லை. 1883இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம், 2020ஆம் ஆண்டு ஏப்ரலில், கொள்ளைநோய் காரணமாக மின்வலைக்கு மாறியது. சுத்தியல் ஓசை கேட்ட மண்டபத்தின் இடத்தைக் கணிப்பொறித் திரை பிடித்துக்கொண்டது. மலையிற் கொழுந்து மட்டும் பழையபடி விரலாலேயே கிள்ளப்படுகின்றது.

ஆயின் ஓரிடத்தில் இப்படங்கள் ஊவாவின் அனுபவத்துக்குப் பின்தங்கியே நிற்கின்றன. அவற்றில் வெளியேறுபவன் எப்போதும் தனியன். ஒருவன் விழிப்படைவான்; மற்றையோர் உறங்கிக்கொண்டிருப்பர். பதுளைக்கு அண்மையிலுள்ள வெவெஸ்ஸ தோட்டத்தில் 1940இல் நடந்தது வேறு. சமசமாஜக் கட்சியின் வழிகாட்டலில் ஊவாவிற் பரவிய வேலைநிறுத்த அலையின்போது, அத்தோட்டத் தொழிலாளர் தமக்குள் வாக்கெடுத்து ஒரு சபையை அமைத்தனர். அச்சபையைக் கலந்தே நிருவாகம் நடத்தத் துரை இணங்கினார். ஒழுங்கை நிலைநாட்டவென ஆயுதத்தோடு வந்த பொலிசாரின் ஆயுதங்களையும் தொழிலாளர் பறித்தனர். சின்னாட்களில் அடக்குமுறை வந்தது, அலை ஓய்ந்தது. அஃது எவ்வாறாயினும், ஆடுபவர் யாவரும் ஒருங்கே எழுந்து விளையாட்டின் விதிகளைத் தாமே எழுதிய சிலநாட் காட்சி அங்கே நிகழ்ந்தது. கிப்சனும் ஓஷியும் அதைக் கற்பனை செய்யவில்லை.

அக்கற்பனையைச் செய்யத்தக்கவர் ஊவாவிலிருந்தே தோன்றலாம். சிறுமுதலிற் படம் எடுப்பது இலங்கைத் தமிழருக்குப் புதிதன்று. 1962இல் வந்த முதற்படமான ‘சமுதாயம்’ 16 மில்லிமீற்றர் அளவிலேயே எடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் ‘தோட்டக்காரி’ வந்தது. தொழிற்சங்கவாதியான வி. பி. கணேசன் 1975இல் ‘புதிய காற்று’ படத்தைத் தயாரித்துத் தாமே நடித்து, தோட்டத் தொழிலாளரின் வாழ்வைத் திரைக்குக் கொண்டுவந்தார். அந்நாளில் படச்சுருளின் விலையே தயாரிப்பாளரைக் கொன்றது. இன்று சட்டைப் பையிலுள்ள கைத்தொலைபேசியே கமரா. 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் பதுளையிலேயே கணிப்பொறி விஞ்ஞானம் கற்பிக்கின்றது. லயத்து அறை ஒன்று, ஓர் இரவு, மஞ்சள் விளக்கு ஒன்று, மூடுபனி: இத்தனையும் செலவின்றிக் கிடைப்பவை. மூடுபனியை யந்திரத்தால் உண்டாக்குவதற்கு நகரத்துப் படப்பிடிப்பாளர் கொடுக்கும் பணத்தை நினைத்தால் ஹப்புத்தளையார் சிரிப்பர்.

மின்வலை மட்டுமே எட்டாத் தொலைவில் இருந்தது. 2021இல் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடங்கள் கைத்தொலைபேசி வழியாக நடந்த மாதங்களில், லுணுகலைப் பகுதியில் அலைவரிசை தரையில் எட்டவில்லை. பெரியவர்கள் பிள்ளைகளைக் காட்டுவழியே மலையுச்சிக்கு அழைத்துச் சென்றனர். அங்கே ஒரு மரத்தில், நிலத்திலிருந்து சுமார் முப்பதடி உயரத்தில், பரண் ஒன்று இருந்தது. பிள்ளைகள் அதில் ஏறி அமர்ந்து, ஆசிரியர் அனுப்பிய பாடங்களை இறக்கிக்கொண்டு, விடைகளை மேலேற்றினர். கீழே நின்ற பெரியவர்கள் அவர்கள் இறங்கி வரும்வரை காத்திருந்தனர்.